32வது கிலோமீட்டரில் கால் ஓய்ந்துபோவது மனஉறுதிக் குறைவா?

கேள்வி: வணக்கம் டாக்டர். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 34, எடை 68 கிலோ. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. மூன்று வருஷமாக ஓடுகிறேன். ஹாஃப் மாரத்தான் 1 மணி 58 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். இந்த ஜனவரியில் முதல் ஃபுல். 4 மணி நேரத்தில் முடிக்க ஆசை. 32 கிலோமீட்டர் வரை 5:45 பேஸில் (கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 விநாடி) சரியாகப் போனேன். அதற்கப்புறம் காலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. தலை லேசாகச் சுற்றியது, யார் பேசினாலும் எரிச்சல், அழுகையே வந்துவிட்டது. கடைசி 10 கிலோமீட்டருக்கு 1 மணி 40 நிமிடம் ஆனது. மொத்தம் 4:44. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடுவேன், ஒரே மூச்சில் அதிகபட்சம் 26. வயிறு லேசாக இருக்கட்டும் என்று முந்தின இரவு இரண்டு சப்பாத்தி, காலையில் வெறும் கடுங்காப்பி. 28வது கிலோமீட்டரில் ஒரு ஜெல் (ஓட்டக்காரர்கள் சாப்பிடும் இனிப்புக் கூழ்ப் பொட்டலம்) எடுத்தேன். தண்ணீர் மேசை வந்த இடமெல்லாம் குடித்தேன். கூட ஓடுகிறவர்கள் "நீ மனசு வைக்கல" என்கிறார்கள். அதுதான் காரணமா? மார்ச்சில் இன்னொரு ஃபுல் வருகிறது. அதில் சரி செய்துவிடலாமா?

பதில்:

மனசு வைக்காதவர் அந்த நிலையில் கடைசி 10 கிலோமீட்டரை முடித்திருக்கவே மாட்டார். அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுங்கள். 32வது கிலோமீட்டரில் உங்களுக்கு நடந்தது, முதல் 15 கிலோமீட்டரிலும் முந்தின இரண்டு நாள் சாப்பாட்டிலும் அதற்கு முந்தின மூன்று மாதப் பயிற்சியிலும் தீர்மானமாகிவிட்ட விஷயம். நீங்கள் எண்களோடு எழுதியிருப்பதால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 68 கிலோ எடையோடு 42.195 கிலோமீட்டர் ஓட உங்களுக்குச் சுமார் 2,870 கிலோகலோரி வேண்டும். இதைக் கொடுப்பவை இரண்டு: கொழுப்பு, மாவுச்சத்து. ஒல்லியானவர் உடம்பில்கூடக் கொழுப்பு பல மாரத்தானுக்குப் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்தை அதிகம் கேட்கும். அந்த மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டவருக்கே இரண்டும் சேர்த்து 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கிலோகலோரிதான்.

5:45 பேஸ் உங்கள் இப்போதைய திறனுக்கு வேகம். அந்த உழைப்பில் செலவின் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்து போனதாக வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 51 கிலோகலோரி. கையிருப்பு 1,700 என்றால் 33 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் நீங்கள் நின்ற இடத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள். அதே ஆள் 6:20 பேஸில் போயிருந்தால் மாவுச்சத்தின் பங்கு குறையும். 65 சதவீதம் என்று வைத்தாலும் கையிருப்பு மட்டுமே 38 கிலோமீட்டருக்கு வரும். வழியில் முறையாகச் சாப்பிட்டிருந்தால் மீதி 4 கிலோமீட்டரும் கவலையில்லை.

அழுகை வந்தது, எரிச்சல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தசையில் இருக்கும் கிளைக்கோஜனை அந்தத் தசை மட்டும்தான் பயன்படுத்தும். மூளைக்குச் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலின் இருப்பு கணிசமாகக் கரைந்துவிடும். நீங்கள் இரண்டு சப்பாத்தியோடு படுத்து, கடுங்காப்பியோடு கிளம்பியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் ஓடியபின் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். தலைசுற்றல், எரிச்சல், அழுகை, எளிய கூட்டல் கழித்தல்கூட வராத மந்தம் எல்லாம் அதன் அறிகுறிகள். 28வது கிலோமீட்டரில் எடுத்த ஒரு ஜெல் 90 கிலோகலோரி சொச்சம். அது ரத்தத்தில் சேரவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

இனி வேகம். பலர் ஹாஃப் நேரத்தை இரண்டால் பெருக்கிச் சில நிமிடம் சேர்த்து ஃபுல் இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தூரத்தின் நேரத்திலிருந்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க ஓட்டப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ரீகல் சூத்திரத்தில் போட்டால் உங்கள் 1:58க்கு 4 மணி 6 நிமிடம் வருகிறது. அதுவும் வாரத்துக்கு நிறைய கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கே பொருந்தும். வாரம் 35 கிலோமீட்டர் ஓடுகிறவர் அதோடு 15, 20 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே உங்கள் நியாயமான அடுத்த இலக்கு 4:25. அதாவது சராசரி 6:17. இதை எப்படிப் பிரிப்பது? முதல் 5 கிலோமீட்டர் 6:25 முதல் 6:30க்குள். 5 முதல் 30 வரை 6:15. அதற்குமேல் 6:20ஐக் காப்பாற்றினால் போதும், 4:25ஐ ஒட்டி முடித்துவிடுவீர்கள்.

முதல் 10 கிலோமீட்டர்தான் ஆபத்தான பகுதி. இருட்டு, குளுமை, இரண்டு வாரம் ஓய்வெடுத்த கால், சுற்றிலும் கூட்டம். வேகம் தானாகக் கூடும், மூச்சும் வாங்காது. அங்கே உங்கள் உணர்வை நம்பாதீர்கள், வாட்சை நம்புங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டிரண்டு சொல்லாக வந்தால் உடனே பேஸைக் குறையுங்கள். கிலோமீட்டருக்கு 15 விநாடி அவசரப்பட்டால் 10 கிலோமீட்டரில் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை நிமிடம். கடைசி 10 கிலோமீட்டரில் நீங்கள் இழந்தது 40 நிமிடத்துக்கு மேல்.

சாப்பாட்டை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அது. போட்டிக்கு முந்தின ஒன்றரை, இரண்டு நாள் ஒரு கிலோ எடைக்கு 8 கிராம் மாவுச்சத்து, அதாவது நாளைக்கு 540 கிராம் அளவில் போக வேண்டும். இது ஒரு வேளை வயிறு புடைக்கத் தின்று அடையும் அளவு அல்ல, நாள் முழுக்கப் பரப்பிச் சாப்பிடுவது. காலையில் 6 இட்லி, ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. 11 மணிக்கு 4 துண்டு ரொட்டியில் ஜாம், ஒரு டம்ளர் பழச்சாறு. மதியம் 400 கிராம் சாதம் ரசத்தோடு. மாலையில் 100 கிராம் அவலை நனைத்து வெல்லம் போட்டு. இரவு ஏழரைக்குள் ஐந்தாறு இடியாப்பம் சர்க்கரையோடு. இடையில் எலுமிச்சைச் சாறு சர்க்கரை போட்டு இரண்டு தடவை. இப்படிப் போனால் கணக்கு வந்துவிடும். எண்ணெய், பருப்பு, கறி ஆகியவற்றை அந்த இரண்டு நாள் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் இடமிருக்காது. கீரை, சுண்டல், முட்டைகோஸ் கடைசி நாள் வேண்டாம். போட்டி முடிந்த அன்று அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) முட்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். முந்தின இரவு மட்டும் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள்: காரம், வறுத்த பூண்டு, பச்சைக் கோஸ் மூன்றும் நீண்ட ஓட்டத்தில் வயிற்றைக் கலக்கும்.

இப்படிச் சாப்பிட்டால் எடை ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. அது ஓடும்போது உங்களுக்கே பயன்படும்.

4 மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது என்றால் 2 மணிக்கு எழுந்து சாப்பிட்டாக வேண்டும். தூக்கம் கெடுகிறதே என்று தவிர்க்காதீர்கள். 4 இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. மொத்தம் 70, 80 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். இட்லி இறங்கவில்லை என்றால் ரொட்டி ஜாம். காபி வழக்கமாகக் குடிக்கும் அளவு மட்டும்.

ஓட்டத்தில் முதல் ஜெல் 35வது நிமிடத்தில், அதாவது 6வது கிலோமீட்டருக்குள். பசியோ சோர்வோ இருக்காது, ஆனாலும் எடுக்க வேண்டும். பிறகு 30 நிமிடத்துக்கு ஒன்று. பெரும்பாலான ஜெல்களில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, உறையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீரோடுதான் ஜெல். வெறும் ஜெல் வயிற்றில் கெட்டியாக நின்று குமட்டும். இடையில் இனிப்பு பானமும் சேர்த்து மணிக்கு 50, 55 கிராம் வந்தால் உங்கள் எடைக்கும் வேகத்துக்கும் போதும்.

ஜெல் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வீட்டிலேயே பானம் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை (ஏறத்தாழ 25 கிராம்), கால் டீஸ்பூனில் பாதி உப்பு, அரை எலுமிச்சை. குளுக்கோஸ் பவுடரைவிடச் சாதாரணச் சர்க்கரை இதற்கு மேல். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடல் இரண்டையும் வெவ்வேறு வழியில் உறிஞ்சுகிறது. குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம் அளவில் அந்த ஒரு வழி நிரம்பிவிடும், மீதி வயிற்றிலேயே தங்கி வலிக்கும். கடலை மிட்டாய் வேண்டாம், கொழுப்பும் நார்ச்சத்தும் ஓடும்போது செரிக்காது. பேரீச்சம்பழம் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், கொட்டை எடுத்துத் துண்டாக்கிக் கொண்டு போங்கள்.

எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் ஆறு தடவையாவது முயன்று பார்த்ததை மட்டுமே போட்டியில் எடுக்க வேண்டும். கால்களைப் போலக் குடலுக்கும் பயிற்சி தேவை. முதல் வாரம் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, மெல்ல 55க்குக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மேசையிலும் குடித்தேன் என்கிறீர்கள். சென்னை ஈரக்காற்றில் வேர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும், உடம்பு குளிராது, தாகம் மிகும். ஆனால் வேர்த்ததைவிட அதிகம் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகம். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நிலையில் "இன்னும் தண்ணீர் குடி" என்பது உயிருக்கே ஆபத்தான யோசனை.

உங்கள் அளவு என்ன என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடப் போகும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் போட்டி வேகத்தில் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வேர்வை. இடையில் குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 1 லிட்டர் இழப்பவர் 500 மில்லி குடித்தால் போதும், முழுதும் ஈடுசெய்ய வேண்டாம். தாகம் சொல்வதைக் கேட்பது பொதுவாகச் சரியான வழி. பனியனில் வெள்ளைக் கோடு படிகிறவர் உப்பை அதிகம் இழப்பவர். அவர் வெறும் தண்ணீருக்குப் பதில் பாதி மேசைகளில் ஓ.ஆர்.எஸ். அல்லது மேலே சொன்ன பானத்தை எடுக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த அளவுத் தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்து வாந்தி எடுப்பவர்கள் உண்டு. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை லிட்டருக்கு 13.5 கிராம்தான், எனவே அது ஜெல்லுக்கு மாற்றாகாது.

இனிப் பயிற்சி. சர்க்கரை சரியாக இருந்தாலும், 26 கிலோமீட்டருக்கு மேல் போகாத தொடை 32ல் திணறத்தான் செய்யும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடையின் முன்தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. ஆயிரக்கணக்கான அடிகளில் தசை இழைகள் நுண்ணளவில் கிழிகின்றன. இதற்குத் தீர்வு நீண்ட ஓட்டங்களும் வலுப் பயிற்சியும்தான். வாரக் கிலோமீட்டரை 35லிருந்து 50, 55க்கு 14, 16 வாரத்தில் ஏற்றுங்கள். நான்காவது வாரந்தோறும் கால் பங்கு குறையுங்கள். 28 முதல் 30 கிலோமீட்டர் ஓட்டம் குறைந்தது மூன்று இருக்கட்டும். எதுவும் மூன்றேகால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதற்குமேல் கிடைக்கும் நன்மையைவிடச் சேதம் அதிகம். அவற்றில் இரண்டில் கடைசி 8 கிலோமீட்டரைப் போட்டி பேஸில் ஓடுங்கள். களைத்த காலோடு அந்த வேகத்தைப் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாங் ரன் வேண்டாம். கன்டெய்னர் லாரி வரிசையும் புழுதியும் எந்த நேரமும் இருக்கும் சாலை அது. விடியற்காலை 4 மணிக்குத் தண்டையார்பேட்டையில் கிளம்பி ராயபுரம், பீச் ஸ்டேஷன், ராஜாஜி சாலை வழியாக மெரினா கலங்கரை விளக்கம் வரை போய் வந்தால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கிடைக்கும். மீதியை மெரினா உட்சாலையில் சுற்றிச் சேர்த்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் லாங் ரன் போகாதீர்கள். அந்த வாரம் ஓட்டத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். போட்டி வாரம் காலை ஷிஃப்ட்டாக மாற்றிக் கேட்டு வாங்குங்கள்.

வாரம் இரண்டு நாள், 20 நிமிடம்: படிக்கட்டில் ஒரு காலால் மெதுவாக இறங்கும் பயிற்சி காலுக்கு 10 வீதம் 3 தடவை, ஸ்குவாட் 12 வீதம் 3, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது 15 வீதம் 3. இறங்கும்போது மூன்று எண்ணும் அளவு நேரம் எடுக்க வேண்டும், பலன் அதில்தான். நம் ஊர் தட்டை. தொடைக்கு இறக்கப் பழக்கம் வேண்டுமென்றால் ஆளில்லாத நேரத்தில் மேம்பாலம் ஏறி இறங்கலாம்.

இவ்வளவு செய்தும் 34வது கிலோமீட்டரில் சோர்வு வந்தால் என்ன செய்வது? முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தலை கிறுகிறுத்து, எரிச்சலாகி, உடம்பு முழுதும் தளர்ந்தால் சர்க்கரை குறைவு. 2, 3 நிமிடம் நடங்கள். ஜெல்லோ 25, 30 கிராம் சர்க்கரை உள்ள பானமோ தண்ணீரோடு எடுங்கள். வாயில் சிறிது வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கில் மாவுச்சத்து பட்டாலே மூளை சோர்வைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் வேகம் பற்றி யோசிக்க வேண்டும்.

தலை தெளிவாக இருக்கிறது, தொடை மட்டும் கல்லாகிவிட்டது என்றால் அது தசை. உட்காரவே உட்காராதீர்கள். அடியைச் சின்னதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று நீங்களே ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாமல் நடப்பவர் கணக்கில்லாமல் நடப்பார், திட்டமிட்டு நடப்பவர் திரும்ப ஓடுவார். அடுத்த தண்ணீர் மேசை வரை என்று தூரத்தைத் துண்டாக்குவது, கடைசி 8 கிலோமீட்டருக்கு நண்பர் ஒருவரை வழியில் நிற்கச் சொல்வது எல்லாம் இந்த வகைச் சோர்வில்தான் உதவும். உங்கள் நண்பர்கள் சொல்லும் மனசுக்கு வேலை இங்கேதான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நின்று, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி 20, 30 விநாடி இழுத்துப் பிடித்து, பிறகு மெதுவாகக் கிளம்புங்கள்.

மூன்றாவது வகை வெப்பம். முகம் தகிக்கும், வேகம் குறைத்தும் நெஞ்சுத் துடிப்பு இறங்காது, வெயிலிலும் உடல் சிலிர்க்கும். நடங்கள், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனாலோ ஓட்டம் அத்துடன் முடிந்தது. வேர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்கு வேர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரும். மருத்துவக் கூடாரம் அருகில் இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு, காத்திருக்காமல் உடம்பு முழுதும் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் கொண்டு குளிர்விக்க வேண்டும். இதைக் கூட வருகிறவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், அந்த நிலையில் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரம் அல்லது 108தான்.

வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகளை நீர் வற்றிய உடம்பில் போட்டால் சிறுநீரகத்துக்குக் கெடுதல், சோடியமும் மேலும் குறையலாம்.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடங்கள்.

மார்ச் மாத ஃபுல் வேண்டாம். தசையில் நடந்த சேதம் ஆறவே மூன்று, நான்கு வாரம் வேண்டும். மீதி நாட்களில் 26ஐ 30 ஆக்கும் பயிற்சி செய்ய இடமில்லை. பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஹாஃபுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். கோடை மாதங்களில் வாரம் 35, 40 கிலோமீட்டரை நிதானமாகக் காப்பாற்றி, வலுப் பயிற்சியைத் தொடங்குங்கள். செப்டம்பர் நடுவில் 16 வாரத் திட்டத்தை ஆரம்பித்தால் அடுத்த ஜனவரிக்குச் சரியாக வரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை குறைந்தது இரண்டு லாங் ரன்னையாவது கெடுக்கும். அதனால் முதல் 28 கிலோமீட்டர் ஓட்டத்தை நவம்பர் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது சிறு வயதில் இதய நோய் வந்திருந்தால், திட்டத்தை ஆரம்பிக்கும் முன்பே ஒரு இ.சி.ஜி.யும் மருத்துவ ஆலோசனையும் முடித்துவிடுங்கள்.